ஷாக்கில் தப்பிய மீன் தேறுமா?

பேட்டரி, இன்வெர்ட்டர் வைத்துக் கரண்ட் பாய்ச்சி மீன் பிடிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'செத்ததைத்தான் எடுக்கிறோம், மற்றது மயக்கம் தெளிந்து போய்விடும்' என்பார்கள். நீந்திப் போன மீன் நலமாக இருக்கிறதா? ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு இது வருமானப் பிரச்சினை.

டிரவுட் மீனில் இதற்கு விடை கிடைத்திருக்கிறது. நீலகிரி அவலாஞ்சியில் மீன்வளத் துறை பொரிக்க வைக்கும் அதே மீன்தான். அமெரிக்க ஆறுகளில் மீன் கணக்கெடுக்க அதிகாரிகளே மின்சாரம் பாய்ச்சிப் பிடித்து, அளந்து, திரும்ப விடுவார்கள். அப்படிப் பிடித்த பெரிய டிரவுட்களை கொலராடோ ஆற்றில் ஷார்பர், கரோதர்ஸ் இருவரும் எக்ஸ்ரே எடுத்தார்கள். 1988-ல் வெளியான அந்த ஆய்வில் ஏறக்குறைய பாதி மீன்களுக்கு முதுகெலும்பில் அடி. ஷாக் பட்டதும் இருபக்கத் தசையும் ஒரே நேரத்தில் இறுகுவதால் எலும்பு நசுங்குகிறது, ரத்தக் குழாய் கிழிகிறது. வெளியில் பெரும்பாலும் எதுவும் தெரியாது.

பிறகு என்ன ஆகிறது என்பதை 1996-ல் வெளியான மொன்டானா ஆய்வு சொல்கிறது. ஷாக் பட்ட மீன்களை 335 நாள் வைத்துப் பார்த்தார்கள். அடிபட்டதால் கூடுதலாகச் சாகவில்லை. ஆனால் நடுத்தரமாகவோ கடுமையாகவோ அடிபட்டவை உடம்பு தேறவே இல்லை. பிடித்தவுடன் 37 சதவீத மீன்களில் தெரிந்த எலும்புக் காயம், கடைசியில் 60 சதவீதத்தில் தெரிந்தது. சீரான டி.சி. கரண்டில் 12 சதவீதம்தான் அடிபட்டன. விட்டுவிட்டுப் பாயும் கரண்டில் 40 முதல் 54 வரை. இவற்றைவிட மோசமானது ஏ.சி. இன்வெர்ட்டர் தருவது அதைத்தான்!

கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களுக்கு டிரவுட் அளவுக்கு எலும்பு முறிவதில்லை. ஆகவே இந்தச் சதவீதங்களை அப்படியே நம் ஏரிக்குப் போட்டுவிடாதீர்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள்: நீளமான மீனுக்குத்தான் ஷாக் அதிகம் ஏறும். தப்பிப் போகும் பெரிய மீன்தான் அடுத்த பருவத்தின் தாய் மீன். முட்டை முற்றிய டிரவுட்டுக்கு ஷாக் பட்டால், முட்டைகள் பிழைப்பது குறைவதையும் சில சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் ஏரியில் இரவில் கரண்ட் வைத்ததாகச் சந்தேகம் இருந்தால், கரையில் செத்து ஒதுங்கியதை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். சோதனை வலை போட்டு, உடம்பில் பட்டையாகக் கறுத்த தழும்பு இருக்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். முதுகு வளைவுக்கு வைட்டமின் சி குறைவும் பூச்சிமருந்தும்கூடக் காரணமாகலாம் என்பதால், சில மீன்களை அறுத்து முள்ளை ஒட்டி ரத்தம் கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. மாதாமாதம் எடை எழுதி வைத்திருந்தால், எந்த மாதத்தில் வளர்ச்சி நின்றது என்பதும் தெரிந்துவிடும்.