புகழ்பெற்றோரின் வீழ்ச்சியும் இருதுருவ மனநிலைக் கோளாறும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

பஞ்சாபிப் பாடகர் யோ யோ ஹனி சிங், புகழின் உச்சியில் இருந்த 2014-ஆம் ஆண்டில் பொதுவெளியிலிருந்து விலகினார். போதை மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார் என வதந்தி பரவியது. தமக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு (பைபோலார்) ஏற்பட்டிருந்ததை 2016-இல் அவரே வெளிப்படுத்தினார். இதே கோளாறு உள்ள அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டெலோன்டே வெஸ்ட், சாலையில் தாக்கப்படும் காணொளி 2020-இல் எங்கும் பரவியது. ஹனி சிங் வாழ்வில் உலகம் முதலில் கண்டது நோயை அன்று, வீழ்ச்சியையே.

வெற்றிபோல் தோன்றும் அறிகுறிகள்

இக்கோளாறில் மிகையெழுச்சியும் மனச்சோர்வும் வெவ்வேறு காலங்களில் தோன்றும். மிகையெழுச்சியின் தொடக்கத்தில் ஒருவர் குறைவாக உறங்கியும் களைப்படையார், விரைந்து பேசுவார், பெருந்திட்டங்கள் தீட்டுவார். சூழ இருப்போர் இதனைச் சுறுசுறுப்பு எனப் பாராட்டுவதால் சிகிச்சை தாமதமாகிறது. பின்னர் கடனும் சினமும் பெருகும்போது ‘தலைக்கனம்’ எனப் பழி சுமத்தப்படுகிறது.

இது பிரபலங்களுக்கு மட்டும் உரியதன்று. கோவிலூர், காரைக்குடி வட்டாரத்தில் வணிகர் ஒருவர் பல இரவுகள் உறங்காமல், நகைகளை அடகு வைத்து அடுத்தடுத்துக் கடைகள் தொடங்க முற்பட்டால், வீட்டார் முதலில் துணிச்சல் என்றும், பின்னர் செய்வினை என்றும் கருதக்கூடும். வழக்கமான இயல்புக்கு மாறான நடத்தை பல நாள்கள் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். நோயை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவரே.

குடும்பத்தினர் கவனத்திற்கு

• உறக்கத்தின் தேவை திடீரெனக் குறைவதை முன்னெச்சரிக்கையாகக் கொள்க.

• நலமடைந்ததாகத் தோன்றினாலும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. லித்தியம் உட்கொள்வோர்க்கு உரிய கால இடைவெளியில் இரத்தப் பரிசோதனை தேவை.

• பெருஞ்செலவு, கடன், பத்திரப் பதிவு குறித்த பாதுகாப்பு ஏற்பாடுகளை அவர் நலமாக உள்ளபோதே கலந்து பேசி முடிவு செய்க.

• நோயுற்றவரைப் படம்பிடித்துப் பகிர வேண்டா. மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவரது இசைவின்றி ஊடகங்களுக்கு வெளியிடுவதை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, பிரிவு 24 தடை செய்கிறது.

• தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் தனியே விடாமல் உடனே 108-ஐ அழைக்கவும்.

உதவி பெற

ஹனி சிங் மீண்டும் பாடி வருகிறார். முறையான சிகிச்சையால் இக்கோளாற்றைக் கட்டுப்படுத்த இயலும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். டெலி மானஸ் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் ஆலோசனை பெறலாம்.