சிட்டுக்குருவிக்கு இறைத்த அரிசி யாருடையது?

செப்டம்பர் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு மேடைகளில் மூன்று காட்சிகள் தவறாமல் அரங்கேறும். உலையில் இட வேண்டிய அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்டுக் களிக்கும் கவிஞர் முதற்காட்சி. திருவல்லிக்கேணிக் கோயில் யானையிடம் அன்பு காட்டப்போய்த் தூக்கியெறியப்படும் கவிஞர் இரண்டாவது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் மட்டும் பின்தொடர மயானம் செல்லும் கவிஞர் மூன்றாவது. இம்மூன்றையும் கோத்துவிட்டால் சுப்பிரமணிய பாரதி என்ற மனிதர் முழுமையாகக் கிடைத்துவிடுவார் என்று நம்பத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாகப் பழகியிருக்கிறது.

வகுப்பறையில் பாரதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள். குருவியும் யானையும் வரும்; முண்டாசு வரும்; வறுமை வரும். 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழின் ஆசிரியர், தமிழ் இதழியலில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழிதிறந்தவர், பெண்களுக்கான ‘சக்கரவர்த்தினி’யை நடத்தியவர், ‘சுதேசமித்திர’னில் செய்திகளை மொழிபெயர்த்துத் தமிழ் உரைநடைக்கே புதுநடை பழக்கியவர் என்ற செய்திகள் அநேகமாக வரா. மாணவர்களை நொந்து பயனில்லை. நமக்குக் கிடைத்ததைத்தான் நாம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். நமக்குக் கிடைத்ததோ, பாரதியின் வீட்டுக்குள்ளிருந்தும் அவ்வீட்டுத் திண்ணையிலிருந்தும் வரையப்பட்ட சித்திரம்.

அச்சித்திரத்தை வரைந்தவர்கள் யாவர்? மனைவி செல்லம்மாள் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதிய ‘தவப்புதல்வர் பாரதியார் சரித்திரம்’ 1941இல் வெளிவந்தது. இளைய மகள் சகுந்தலா ‘என் தந்தை’ எழுதினார். புதுச்சேரியில் பாரதியின் மடியில் வளர்ந்த பிள்ளைபோல் இருந்த யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’ 1954இல் நூலாயிற்று. புதுச்சேரியில் உடனிருந்த வ.ரா. 1944இல் ‘மகாகவி பாரதியார்’ என்ற வரலாற்றைத் தந்தார். இவை இல்லையென்றால் பாரதி எப்படிச் சிரித்தார், எப்படி நடந்தார், எந்தக் குரலில் பாடினார் என்பன நமக்குத் தெரிந்திரா. அந்த நன்றியை மறுப்பவனல்லன் நான்.

எனினும் நன்றி ஒன்று, நம்பிக்கை மற்றொன்று. நெருங்கியிருந்தவரின் சொல் ஒரு சாட்சியம். சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பது நீதிமன்றத்தில் பிழை. இலக்கிய வரலாற்றில் மட்டும் அது எப்படிப் பக்தியாக மாறிற்று? இதுவே என் கேள்வி.

முதலில் வ.ரா.வை எடுத்துக்கொள்வோம். 1930களின் நடுவில், பாரதி மகாகவிதானா என்றொரு பெரும் விவாதம் எழுந்தது. கல்கி ஒரு பக்கம் நின்றார், வ.ரா. எதிர்ப்பக்கம் நின்று வாதாடினார். அவ்விவாதத்தின் விளைவாகக் கு.ப.ரா.வும் சிட்டியும் எழுதிய ‘கண்ணன் என் கவி’ 1937இல் வந்தது. ஏழாண்டுகள் கழித்து வ.ரா. எழுதிய வரலாற்றின் தலைப்பே அந்த வழக்கின் தீர்ப்பை அறிவிக்கிறது. வழக்கறிஞராக நின்றவர் எழுதிய சரிதம் அது. அதில் ஒளி பாய்ந்த இடங்கள் எவை, நிழல் விழுந்த இடங்கள் எவை என்று கேட்டுப் படிப்பது வ.ரா.வுக்கு அவமதிப்பு ஆகாது. கேளாமல் படிப்பதுதான் வாசிப்புக்கு இழுக்கு.

குடும்ப நினைவுகளின் நிலை வேறு. அவற்றில் உள்நோக்கத்தைத் தேட வேண்டியதில்லை. பார்வையின் எல்லையைத் தேடினால் போதும். வீட்டிலிருப்பவர் கண்ணுக்கு எழுத்தாளன் வீட்டிலிருக்கும்போதுதான் தென்படுவான். அச்சுக்கூடத்தில் மெய்ப்புத் திருத்தும்போதும், அயல்நாட்டுத் தந்திச் செய்தியைத் தமிழாக்கும்போதும், ‘இந்து’ நாளிதழுக்கு ஆங்கிலத்தில் கடிதம் வரையும்போதும் அவன் அவர்களுக்குத் தென்படுவதில்லை. ஆகவே அவர்கள் நினைவில் தங்கியவர் குழந்தையுள்ளம் கொண்ட கணவர், செல்லம் கொடுக்கும் தந்தை, பணத்தின் அருமை தெரியாத ஞானி. உலகியல் அறியாத பாரதி என்ற பிம்பம் இப்படித்தான் பிறந்தது.

அந்தப் பிம்பத்தின் எதிரே ஓர் ஆவணத்தை வைக்கிறேன். 1920இல் கடையத்திலிருந்து பாரதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் பகுத்து, நூலுக்குப் பதினாயிரம் படிகள் வீதம் மொத்தம் நான்கு லட்சம் படிகள் அச்சிடுவது என்பது திட்டம். படியின் விலை அரை ரூபாய். தேவைப்படும் முதல் எவ்வளவு, அதை யாரிடம் எப்படிக் கடனாகத் திரட்டுவது, வட்டி என்ன என்பதெல்லாம் அதில் கணக்கிடப்பட்டிருக்கின்றன. மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் விலைபோகும் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டம் கைகூடவில்லை. ஆயினும் எழுத்தை மட்டும் நம்பி வாழ முடியும், வாழ வேண்டும் என்று தமிழில் கணக்குப்போட்டுப் பார்த்த மனிதர் அவர். அரிசி இறைத்த கவிஞரைப் பாராட்டும் மேடைகள் இந்தக் கணக்கைப் பேசுவதில்லை. பேசினால், எழுத்தாளனுக்குரிய ஊதியத்தை நாம் கொடுத்தோமா என்ற கேள்வி நம் பக்கம் திரும்பிவிடும். தானே வறுமையை விரும்பி ஏற்ற ஞானி என்றால் நமக்குப் பொறுப்பில்லை. பிம்பத்தின் வசதி இதுதான்.

யானைக் கதையும் இத்தகையதே. யானையால் பாரதி இறந்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்தக் காயத்திலிருந்து தேறிய அவர் மீண்டும் ‘சுதேசமித்திரன்’ அலுவலகம் சென்றார். 1921 ஜூலை 31இல் ஈரோட்டுக் கருங்கல்பாளையம் நூல்நிலைய விழாவில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று பேசினார். அதே ஆண்டு செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு அவரைக் கொண்டுபோயிற்று. முப்பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. புராணத்துக்கு யானை பொருந்துகிறது, வயிற்றுக்கடுப்பு பொருந்துவதில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

இன்னொன்றும் உண்டு. 1918 நவம்பரில் கடலூரில் கைதான பாரதி, சிறையிலிருந்து ஆளுநர் பெண்ட்லண்டுக்கு விண்ணப்பம் எழுதினார். அரசியலிலிருந்து விலகுவதாக உறுதிகூறி, நிபந்தனைகளின் பேரில் டிசம்பரில் விடுதலையானார். பத்தாண்டுகள் அயல்மண்ணில் வேவுக்காரர்களின் கண்காணிப்பில் வாழ்ந்து, பத்திரிகைகளை இழந்து, இரு பெண்குழந்தைகளோடு நின்ற மனிதர் எழுதிய விண்ணப்பம் அது. அதைச் சொன்னால் அவர் பெருமை குறையும் என்று அஞ்சுவோர், அவர் பட்ட துன்பத்தின் அளவை அறியாதவர்கள். தளராத வீரராக நிறுத்திய சிலையைவிட, தளர்ந்து பின் எழுந்து மறுபடியும் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன மனிதர் எனக்குப் பெரியவர்.

இனி அந்த அரிசிக்கு வருவோம். அது யாருடைய அரிசி? அண்டை வீட்டில் கடன் வாங்கியது என்று சொல்வோரும் உண்டு. எங்கிருந்து வந்திருந்தாலும் அதை உலையிலிட்டு இரு குழந்தைகளின் பசியாற்ற வேண்டிய பொறுப்பு செல்லம்மாளுடையது. இறைபட்டது அவருடைய அன்றைய பகற்பொழுது. இந்த நிகழ்ச்சியை நமக்குக் கையளித்த குடும்பத்தாரின் சொற்களில் பாசமும் உண்டு, பசியும் உண்டு. பாசத்தை எடுத்துக்கொண்டு பசியை உதறியவர்கள் நாம். ஒரு பெண்ணின் முறையீடாகப் பிறந்திருக்கக்கூடிய கதை, கணவரின் கருணைக்குச் சான்றாக மேடையில் கைதட்டல் பெறுகிறது. திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்று செல்லம்மாள் பேசிய உரையிலும் கவிஞனுக்கு வாழ்க்கைப்பட்டவளின் பாடு ஒலிக்கத்தான் செய்கிறது. கேட்கும் காதுகள் கவிஞருக்கு மட்டுமே திறந்திருந்தன.

ஆக, உள்ளிருந்தோர் பிம்பத்தை வடிக்கிறார்கள் என்பது பாதி உண்மை. எந்தப் பிம்பத்தைச் சமூகம் வாங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பது மறுபாதி. 1941இல் ‘தவப்புதல்வர்’ என்ற சொல்லில்தான் ஒரு கைம்பெண் தன் கணவரைப் பற்றி வெளியில் பேச முடிந்தது. அந்தப் பக்தியுரையின் அடியில் அவருடைய சொந்த உழைப்பும் புதைந்துபோயிற்று. கணவர் மறைந்த மறு ஆண்டே, 1922இல், பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் ‘சுதேச கீதங்க’ளை அச்சிட்டு வெளியிட்டவர் செல்லம்மாள். அந்தப் பதிப்பாளரை யாரும் நினைவுகூர்வதில்லை. பொறுமையின் சிகரம் என்று புகழ்ந்து முடித்துவிடுகிறோம். 1931இல் பதிப்புரிமையை நாலாயிரம் ரூபாய்க்குக் கொடுக்க நேர்ந்ததன் பின்னுள்ள நெருக்கடியையும் சிகரங்களிடம் யாரும் கேட்பதில்லை.

‘உடன் வாழ்ந்தவருக்குத் தெரியாததா உமக்குத் தெரிந்துவிடப்போகிறது?’ என்று கேட்பார்கள். உடன் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் மறுக்கும்போது என்ன செய்வது என்று நான் திருப்பிக் கேட்பேன். அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் இதற்குத் தக்க சான்று. 1963இல் லண்டனில் தற்கொலை செய்துகொண்ட அவர் உயில் எழுதிவைக்கவில்லை. பிரிந்து வாழ்ந்தும் மணமுறிவு பெறாத கணவர் டெட் ஹியூஸிடம் எழுத்துகள் அனைத்தும் சென்றன. ‘ஏரியல்’ தொகுப்பை 1965இல் அவர் வரிசை மாற்றி, சிலவற்றை நீக்கி, சிலவற்றைச் சேர்த்து வெளியிட்டார். கடைசி நாட்குறிப்பைத் தாமே அழித்ததாகவும், பிள்ளைகள் அதைப் படிக்க நேரக்கூடாது என்பதே காரணம் என்றும் 1982இல் எழுதினார். தாய் ஆரேலியாவோ, மகளின் நாவல் காட்டிய கசந்த முகத்துக்கு எதிராக, மலர்ச்சியான கடிதங்களைத் தேர்ந்தெடுத்து 1975இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். மகள் ஃப்ரீடா 2004இல் தாயின் வரிசைப்படியே ‘ஏரியலை’ மீட்டுத் தந்தார். அதன் முன்னுரையில் தந்தைக்காகவும் வாதாடினார். ஒரே குடும்பம், மூன்று பிளாத்துகள். மூவரும் அன்பினால்தான் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அழிக்கப்பட்ட நாட்குறிப்பு அன்பினால் திரும்பி வருமா?

நம் பாரதிக்கு அந்த அளவு கேடு நேராமல் காத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். பெ. தூரன் ‘சுதேசமித்திரன்’ பக்கங்களைப் புரட்டினார். ரா.அ. பத்மநாபன் தேடித் தேடிச் சேர்த்து 1957இல் ‘சித்திர பாரதி’யைத் தந்தார். இளசை மணியன் ‘இந்தியா’ இதழின் எழுத்துகளைத் தொகுத்தார். சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளையே செலவிட்டுப் படைப்புகளைக் கால வரிசைப்படுத்தினார். ஆ.இரா. வேங்கடாசலபதி ‘விஜயா’ கட்டுரைகளையும் ‘இந்து’வுக்கு எழுதிய கடிதங்களையும் வெளிக்கொணர்ந்தார். இவர்களில் ஒருவரும் பாரதியின் வீட்டில் உணவருந்தியவரல்லர். நூலகத்துத் தூசியில் அமர்ந்து, திண்ணையிலிருந்து தெரியாத பாரதியைக் கண்டெடுத்தார்கள். மேடைகள் இவர்களைப் படித்ததாகத் தெரியவில்லை.

இது பாரதியோடு முடியும் செய்தியுமன்று. மறைந்த நடிகர், அரசியல் தலைவர் எவரைப் பற்றிப் படமோ நூலோ எடுப்பதானாலும் ‘குடும்பத்தாரின் அனுமதி பெற்றது’ என்பதை நம்பகத்துக்கு முத்திரையாக விளம்பரம் செய்கிறார்கள். அனுமதி கொடுத்தவர் எதை விடச் சொன்னார் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய ‘தலைவி’ படத்துக்கு எதிராக அவர் அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிபவை, சொத்தைப்போல வாரிசுகளுக்கு இறங்குபவையல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. அந்தப் படத்தின் தரம் வேறு. தீர்ப்பின் நியாயம் வேறு.

பாரதியின் பாட்டை 1949இல் ஓமந்தூரார் அரசு நாட்டுடைமையாக்கியது. உலகில் அதற்கு முன் நிகழாத செயல் என்று பெருமை கொள்கிறோம், கொள்ளலாம். பிம்பம் மட்டும் இன்னும் பரம்பரைச் சொத்தாகவே கைமாறிக்கொண்டிருக்கிறது. அதைப் பொதுவாக்கச் சட்டம் வேண்டியதில்லை. நினைவுநூல்களை மறுபதிப்பிடுவோர், யார் சொல்ல யார் எழுதியது, எந்த ஆண்டில், எந்த விவாதத்தின் நடுவில் என்பதை முன்னுரையில் குறிக்கட்டும். பாடத்திட்டம் வகுப்போர் ஒரு குருவிக் கதையை எடுத்துவிட்டு ‘இந்தியா’ இதழின் ஒரு தலையங்கத்தையும் 1920ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையையும் சேர்க்கட்டும். மறைந்தோரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வைத்திருக்கும் குடும்பங்கள், பொறுக்கி எடுத்துத் தருவதை விட்டு, முழுமையாக ஆவணக் காப்பகத்தில் சேர்க்கட்டும். புண்படுவோர் உயிரோடிருந்தால் முப்பதாண்டு முத்திரையிட்டு வைக்கட்டும். பூட்டிவைத்ததை என்றேனும் திறக்கலாம். எரித்ததை என்ன செய்வது?

வருகிற செப்டம்பரிலும் குருவி பறக்கும், யானை வரும். அப்போது அவையிலிருந்து யாரேனும் ஒருவர் எழுந்து, அன்று அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று பேச்சாளரைக் கேட்க வேண்டும்.