கடலைப் படிக்கவும் கூலி வேண்டும்

அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் 1987இல் ஒரு திட்டத்தைத் துவக்கியது. பட்டப் படிப்பு மாணவர்கள் கோடை விடுமுறையில் சுமார் 10 வாரம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்வார்கள். கூடவே இருந்து கற்றுக்கொடுக்க ஒரு பேராசிரியரோ விஞ்ஞானியோ உண்டு. வுட்ஸ் ஹோல் போன்ற கடற்கரை ஊர்களில் இப்படித்தான் பலர் கடல் விஞ்ஞானம் பழகினார்கள்.

இதில் முக்கியமானது எது? உபகாரச் சம்பளம்! அதோடு தங்க இடம், பிரயாணச் செலவு. விடுமுறையில் சம்பாதித்தால்தான் அடுத்த வருஷம் படிப்பு என்றிருக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, சம்பளமில்லாத ஆராய்ச்சிக்கூடத்துக்கு எப்படிப் போவான்? கூலி இல்லையென்றால் விஞ்ஞானம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்றாகிவிடும்.

2025இல் வெள்ளை மாளிகை இந்த ஸ்தாபனத்தின் நிதியைப் பாதிக்கு மேல் வெட்ட யோசனை வைத்தது. நிதி நிச்சயமில்லாமல் அந்தக் கோடையிலேயே சில இடங்களில் பயிற்சி ரத்தாயிற்று. சிக்கனம் என்கிறார்கள். யார் வயிற்றில் அடித்துச் சிக்கனம்?

மில்லில் வேலை பழகும் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், கூலியும் வேண்டும். விஞ்ஞானம் பழகும் பையனுக்கும் பெண்ணுக்கும் அதே நியாயம்தான். வழிகாட்டப் பேராசிரியர் மட்டும் இருந்தால் போதாது. வயிற்றுக்கும் வழி வேண்டும். எந்தத் தேசமானாலும் இதுவே உழைப்பாளிகளின் கோரிக்கை!