பிஞ்சுக் கல்லீரலுக்கு 60 நாள் கெடு!

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காண்பது புதிது அல்ல. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று நாளில் உடம்பு மஞ்சளாகும். இரண்டு வாரத்தில் தானாகவே மறையும்.

14 நாள் ஆகியும் மஞ்சள் போகவில்லையா? அப்போதுதான் கவனம் வேண்டும்.

"தாய்ப்பால் மஞ்சள்தான். போகப்போகச் சரியாகிவிடும்" என்பார் பாட்டி. "காலை வெயிலில் காட்டு" என்பார் பக்கத்து வீட்டு அம்மாள். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. அதுவே வினையாகவும் முடிகிறது. ஆயிரக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுக்கு அது சரியாவதில்லை. அந்த ஒரு குழந்தைக்கு, பொறுத்துப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

அடைபட்ட குழாய்

கல்லீரலில் பித்தநீர் சுரக்கிறது. சிறு குழாய்கள் வழியாக அது குடலுக்கு இறங்குகிறது. கொழுப்பு செரிக்க உதவுகிறது. மலத்துக்கு மஞ்சள் நிறம் தருவதும் இதுதான்.

சில குழந்தைகளுக்கு இந்தப் பித்தக் குழாய் புண்ணாகி, தழும்பாகி, அடைத்துப் போகிறது. காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. தாய் எதையோ சாப்பிட்டதால் வந்தது அல்ல. யார் கண்ணும் பட்டதால் வந்தது அல்ல. வழி அடைபட்டதால் பித்தநீர் கல்லீரலிலேயே தேங்குகிறது. கல்லீரல் இறுகிப் போகிறது. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு, மூன்று வயதைத் தாண்டுவது இல்லை.

ஐரோப்பாவில் சுமார் 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் வருகிறது. தைவான் தீவில் இன்னும் அதிகம்.

மருந்து கொடுத்து இந்த அடைப்பை நீக்க முடியாது. ஜப்பானில், செண்டாய் நகரத்து டாக்டர் மோரியோ கசாய் 1950-களில் ஒரு வழி கண்டார். கெட்டுப்போன குழாயை அகற்றினார். சிறுகுடலை நேராகக் கல்லீரலோடு இணைத்தார். பித்தநீர் இறங்கியது! 1959-ல் இதை வெளியிட்டார். இன்றும் அந்த ஆபரேஷனுக்கு அவர் பெயர்தான்.

அதற்கு ஒரு கெடு உண்டு. 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். 90 நாளைத் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைகிறது. பிறகு இருக்கும் ஒரே வழி மாற்றுக் கல்லீரல். 1998-ல் டெல்லியில் இந்த நோய் கண்ட 20 மாதக் குழந்தைக்குத் தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று ஆபரேஷன் அது. தமிழ்நாட்டுக் குழந்தை. பிழைத்து, வளர்ந்து, டாக்டருக்கும் படித்தார். ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் அது எட்டுகிற காரியமா?

ஸ்கேன் என்ன சொல்லும்?

60 நாளுக்குள் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி? முதலில் கை கொடுப்பது ஒலி அலை ஸ்கேன்.

ஸ்கேன் என்றதும் கர்ப்பிணிகள்தான் நினைவுக்கு வருவார்கள். "ஆணா, பெண்ணா என்று சொல்ல மாட்டோம்" என்ற பலகையும் நினைவுக்கு வரும். அதே கருவிதான் இதற்கும். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அது உடம்புக்குள் அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. ஊசி இல்லை. எக்ஸ்ரே கதிரும் இல்லை.

டாக்டர் முதலில் தேடுவது பித்தப்பையை. நல்ல குழந்தைக்கு அது நீர் நிறைந்த சிறு பை போலத் தெரியும். நோய் கண்ட குழந்தைக்குச் சுருங்கிக் கசங்கிக் கிடக்கும், அல்லது கண்ணுக்கே தட்டுப்படாது.

இதில் ஒரு சிக்கல். பால் குடித்தவுடன் நல்ல குழந்தையின் பித்தப்பையும் சுருங்கிவிடும். ஆகவே சுமார் 4 மணி நேரம் பால் கொடுக்காமல் ஸ்கேன் எடுக்கிறார்கள். பசித்து அழும் பிள்ளையை மடியில் வைத்திருப்பது தாய்க்கு வேதனைதான். ஆனாலும் தெரியாமல் பால் கொடுத்துவிட்டால் படம் ஏமாற்றிவிடும்.

அடுத்து, கல்லீரலின் வாசலில் முக்கோணமாக ஒரு தழும்பு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். 1996-ல் கொரிய டாக்டர்கள் இந்த அடையாளத்தைச் சொன்னார்கள். அதன் கனம் 4 மில்லிமீட்டர் இருந்தாலே சந்தேகம் வலுக்கும். ஒரு கொத்துமல்லி விதை அளவு! கை ஆடும் குழந்தை, கால் உதைக்கும் குழந்தை. அதற்குள் இதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும்.

ஸ்கேன் சொல்வதே முடிவும் அல்ல. நோய் இருந்தும் பித்தப்பை ஒழுங்காகத் தெரியும் குழந்தைகள் உண்டு. "ஸ்கேனில் ஒன்றும் இல்லை" என்ற காகிதத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புவது பெரிய ஆபத்து. ரத்தத்தில் எந்த வகை மஞ்சள் கூடியிருக்கிறது என்று சோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் கல்லீரலில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். கடைசித் தீர்ப்பு ஆபரேஷன் மேஜையில், குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் படத்தில்தான் கிடைக்கிறது.

செல்போனும் வந்தது

பழகிய கண் இல்லாத ஊரில் என்ன செய்வது? சீனாவில் குவாங்சோ நகரத்து டாக்டர்கள் 2021-ல் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். பித்தப்பை ஸ்கேன் படத்தைச் செல்போனில் பிடித்துக் கொடுத்தால், கம்ப்யூட்டர் மூளை நோயா, இல்லையா என்று கணித்துச் சொல்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 100-வது நாளில் வந்து சேரும் குழந்தைக்குக் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? இந்தியாவில் பல குழந்தைகள் 90 நாள் கழிந்த பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகின்றன. அவர்களுக்குக் கருவியால் குறை இல்லை. கருவியிடம் போய்ச் சேரவே நாள் ஆகிவிடுகிறது.

தைவான் இதற்கு ஓர் அட்டையைக் கண்டது. அதில் மலத்தின் நிறங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். எது நல்ல நிறம், எது கெட்ட நிறம் என்று தாயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2004 முதல் நாடு முழுவதும் கொடுத்தார்கள். 60 நாளுக்குள் ஆபரேஷன் ஆகும் குழந்தைகள் கூடினார்கள். 2012-ல் ஜப்பானும் தாய்-சேய் கையேட்டில் இந்த அட்டையைச் சேர்த்தது.

அட்டை இல்லாத வீட்டிலும் பார்க்கலாம். மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போல, களிமண் போல வெளுத்திருந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். சில குழந்தைகளுக்கு முதலில் மஞ்சளாகப் போய், நாளாக ஆக வெளுக்கும். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியச் செய்தாலும் சந்தேகம்தான். பச்சைக் குழந்தையின் சிறுநீர் தண்ணீர் போல இருக்க வேண்டும்.

அந்தத் துணியையே டாக்டரிடம் எடுத்துப் போகலாம். செல்போனில் படம் பிடித்தாலும் சரி. பகல் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். மின்விளக்கில் நிறம் மாறித் தெரியும்.