சட்டை போட்ட கரடியும் மடியில் இருக்கும் பேத்தியும்

ஒன்பது மாதக் குழந்தையின் முன்னால் ஒரு பொருளின் படத்தை வைத்தால், அது படத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. கையில் எடுக்கப் பார்க்கும். நகத்தால் சுரண்டும், தட்டும், வராவிட்டால் மறுபடியும் சுரண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பதிவு செய்தார்கள். 19 மாதக் குழந்தைகளோ சுரண்டுவதை விட்டுவிட்டு விரலை நீட்டிக் காட்டினார்கள். விரல் நீண்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே! அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், பகலில் அந்த ஆள் பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோதான்.

அந்தத் தாத்தா புத்தகக் கடைக்குப் போனால் கண்ணில் படுவது விலை கூடிய சரக்கு. திறந்தால் எழுந்து நிற்கும் யானை, இழுத்தால் வாலாட்டும் குரங்கு, அமுக்கினால் கத்தும் பசு. பிள்ளைக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் கவனம் முழுக்க இழுப்பதிலும் அமுக்குவதிலும் போய்விடுகிறது. இத்தகைய புத்தகங்களைச் சோதித்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், விலங்குகளைப் பற்றிக் குழந்தைகள் கற்றுக்கொள்வதற்கு இந்த வித்தைகள் இடைஞ்சலாகவே இருந்தன. எரிக் கார்லின் 1969-ஆம் ஆண்டுக் கம்பளிப்புழுப் புத்தகம் இதில் விதிவிலக்கு என்று தோன்றுகிறது. அதன் பக்கங்களில் உள்ள ஓட்டை புழு தின்ற தடம். குழந்தை விரலை நுழைப்பது கதைக்குள்தான்.

சட்டை போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கும் கரடியின் கதை வேறு. விலங்குகள் மனிதரைப்போலப் பேசித் திரியும் புத்தகங்களைக் கேட்ட மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள், அந்த விலங்குகளைப் பற்றிய உண்மைத் தகவல்களைக் குறைவாகவே கற்றார்கள் என்று பட்ரிசியா கானியாவின் ஆய்வுக் குழு 2014-இல் எழுதியது. கற்பனைக் கதையே கூடாது என்பதல்ல; கரடியை இன்னும் பார்த்திராத பிள்ளைக்கு முதலில் கரடியாகவே காட்டலாம்.

எந்தப் புத்தகமானாலும் பாதி வேலை வாசிப்பவருடையது. 1988-இல் குரோவர் வைட்ஹர்ஸ்டின் ஆய்வுக் குழு, ஏறக்குறைய இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கேள்வி கேட்டு வாசிக்கப் பயிற்சி கொடுத்தது. ஒரே மாதத்தில் அவர்களுடைய பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களை முந்தினார்கள். “இது ஆடு, இது மாடு” என்று ஒப்பித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினால் பிள்ளை தலையாட்டும், அவ்வளவுதான். “ஆடு என்ன பண்ணுது கண்ணு?” என்றால் “மே” என்றாவது வரும். “ஆமா, பசிக்குது, தழை கேக்குது” என்று பாட்டி அதை நீட்டிவிடுவார். ஆடு வளர்த்த பாட்டி என்றால், குட்டி தாயை முட்டி முட்டிப் பால் குடிப்பதைத் தலையை ஆட்டியே நடித்துக் காட்டுவார். எந்தப் பதிப்பகமும் அச்சடிக்காத பக்கம் அது.

அதே புத்தகத்தைப் பிள்ளை ஏழாம் முறையும் நீட்டினால் பெரியவர்களுக்குச் சலிப்பு வரும். மூன்று வயதுக் குழந்தைகளிடம் நடத்தி ஜெசிகா ஹார்ஸ்ட் 2011-இல் வெளியிட்ட ஆய்வோ, வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களைவிட ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே புதிய சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டதைக் காட்டியது.

தமிழில் குழந்தைப் புத்தகங்களுக்குப் பஞ்சம் என்று சொல்வதற்கில்லை. சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படப்புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் கதைகள் இலவசம். கைப்பேசியில் காட்டாமல் அச்செடுத்து, துளையிட்டு, நூலால் கட்டிக் கொடுத்துவிடலாம். பேத்தி கடித்துக் குதறினால் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.