இழைக்குப் பதில் பசை

சென்ற மாதம் தெரிந்த சகோதரி ஒருவர் தொலைபேசியில் குமுறினார். படியில் விழுந்த மகனுக்கு நெற்றியில் வெட்டு.

"அண்ணை, ஒரு இழையும் போடேல்லை. பசையைப் பூசி அனுப்பிப்போட்டினம். அகதிப் பிள்ளையெண்டபடியால்தானோ?"

காயம் காயாமலிருக்க வஸலின் பூசப்போவதாகவும் சொன்னார். "ஐயோ, பூசிப்போடாதேங்கோ!" என்றேன்.

சகோதரிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இங்கு பிறந்த பிள்ளைக்கும் அதே பசைதான். இது அக்ரிலிக் குடும்பத்துச் சயனோஅக்ரிலேற். 1942இல் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்ரிக் தேடிய ஹரி கூவர் குழுவினரின் கையில் அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டியதால் சனியன் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1958இல் அதுவே கடைக்கு வந்தது. வியட்நாம் போரில் காயப்பட்டோரின் இரத்தப்பெருக்கை நிறுத்த விசிறினார்கள். தோலுக்கென்று திருத்திய வகைக்கு 1998இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது.

தோலின் ஈரம் பட்டதும் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துப் பல்பகுதியமாக இறுகுகின்றன. வெட்டின் இரு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து மேலேதான் பூசுவார்கள்; உள்ளே அல்ல. அந்தப் படலம் கிருமி புகாத கதவு. சிலவகைப் பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தானே தடுப்பதும் ஆய்வுகூடத்தில் தெரிந்திருக்கிறது. எல்லாக் கிருமிக்கும் அல்ல. ஆகவேதான் முதலில் காயத்தை நன்றாகக் கழுவுகிறார்கள். நாய் கடித்த காயத்துக்கும் சீழ் வைத்ததற்கும் பசை ஆகாது.

வஸலின், எண்ணெய், களிம்பு எதுவும் படலத்தை இளக்கிவிடும். நகத்தால் கிள்ள விடவேண்டாம். ஐந்து முதல் பத்து நாளில் தானே உரிந்து விழும். அதுவரை நீச்சல் வேண்டாம். சிவந்து வீங்கினால், சீழ் வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அப்படியானால் வீட்டிலுள்ள சுப்பர் குளூவைப் பூசலாமே என்று கெட்டிக்காரர் யாரும் கேட்கவேண்டாம். அது சுத்திகரிக்கப்பட்டதல்ல; சூடாகும், விரைவில் சிதைந்து தசையைத் தாக்கும். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ சிந்தினால் சுட்டுக் கொப்புளமே போடும். கண் மருந்துக் குப்பிபோலவும் இருப்பதால், இரண்டையும் ஒரே இலாச்சியில் வைக்காதீர்கள். தவறிக் கண்ணில் பட்டால் இமையை இழுத்துப் பிரிக்காமல் வெதுவெதுப்பான நீரால் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.