சூரியன் பொது, மீட்டர் யாருடையது?

பசுமை ஆற்றலும் டிஜிட்டல் தொழில்நுட்பமும் கைகோத்தால் பொருளாதார வளர்ச்சி தானாக வந்துசேரும் என்று ஒன்றிய அரசும் அதன் பொருளியல் அறிஞர்களும் ஓயாது கூறிவருகின்றனர். வளர்ச்சி வருகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. அது யார் கணக்கில் வரவாகிறது என்பதே நமது கேள்வி.

கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில், வறட்சிக்குப் பேர்போன பாவகடா வட்டத்தில், சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா அமைந்துள்ளது. நிலம் கையகப்படுத்தப்படவில்லை, ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் எனத் தொடங்கிக் குத்தகைக்குப் பெறப்பட்டது. இதனை முன்மாதிரி என்று போற்றுகின்றனர். ஆனால், குத்தகைப் பணம் நிலமுடையோர்க்கு மட்டுமே. அதே நிலத்தில் களையெடுத்தும் கதிரறுத்தும் ஆடு மேய்த்தும் பிழைத்துவந்த நிலமற்ற கூலித் தொழிலாளர்க்கு அதில் பங்கேதும் இல்லை. தகடுகளைப் பொருத்தும்வரை பலருக்கு வேலை; பொருத்தியபின் துடைப்பதற்கும் காவலுக்கும் சிலர் போதும்.

இவ்வாறு விளையும் சூரிய மின்சாரம் வீட்டு வாசலை அடையும் இடத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பம் வந்து நிற்கிறது. ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டுத் திட்டம், 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களை முன்பணம் செலுத்தும் முறையில் பொருத்த இலக்கு வைத்தது. அது வற்புறுத்தும் 'டோட்டெக்ஸ்' முறையில், தனியார் நிறுவனம் மீட்டரைப் பொருத்தி இயக்கி, அதற்கான தொகையை மின்விநியோக நிறுவனத்திடமிருந்து பல ஆண்டுகள் மாதந்தோறும் பெற்றுக்கொள்ளும். அச்சுமை இறுதியில் நுகர்வோர் தலையில்தான் விடியும்.

2023இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் விதிகளோ, வெயில் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும், உச்ச நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் கூட வேண்டும் என்கின்றன. "பகலில் பயன்படுத்திச் சேமியுங்கள்" என்கிறார்கள். பகலில் வேலைக்குச் சென்றவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. விளக்கும் விசிறியும் இயங்குவது அவர் திரும்பிய பின்னரே. மலிவான சூரிய மின்சாரத்தின் பயன் பகலில் இயந்திரம் ஓட்டுவோர்க்கு. உச்ச நேரக் கட்டணம் உழைப்பாளிக்கு.

நாம் தொழில்நுட்பத்தின் எதிரிகள் அல்லர். கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2023இல் மீட்டரை மறுக்கவில்லை. டோட்டெக்ஸ் முறையையே மறுத்தது. மின்வாரியமே முதலிட்டு மீட்டரை உடைமையாகக் கொள்ளும் வழியைத் தேர்ந்தது. மாற்று உண்டு என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே தோழர்களே, நமது கோரிக்கைகள் தெளிவானவை: சூரிய மின் உற்பத்தியில் பொதுத்துறைக்கே முதலிடம், பூங்கா அமையும் ஊர்களில் நிலமற்றோர்க்கு உறுதியான வேலையும் வருவாயில் பங்கும், டோட்டெக்ஸ் முறை ரத்து, வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணத்திலிருந்து விலக்கு. இவற்றை மின் ஊழியர் சங்கங்களோடு இணைந்து தெருத்தெருவாக எடுத்துச்செல்வோம்.